ஒருத்தர் அழுதா ரெண்டு பேரும் எறங்கோணும்

கண்ணு,

நீ நலமாக இருப்பாய் என்று எனக்குத் தெரியும், அதனால் விசாரிக்கவில்லை. உனக்கு எப்போதும் எதுவும் ஆகாது. ஆவதெல்லாம் உன் பக்கத்தில் நிற்கிறவர்களுக்குத்தான். முந்தாநாள் பெங்களூரிலிருந்து போன் போட்டு, "அம்மா, அக்கா இணைச்சீருக்கு வரமாட்டேங்குது, நீங்க ஒரு வார்த்த சொல்லிச் சரி பண்ணிப்போடுங்க" என்றாய். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசித்தாகிவிட்டது. போனில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. போனில் சொன்னால் நீ அழுவாய். நீ அழுதால் நான் இளகிவிடுவேன். நீ பிறந்த நாளிலிருந்து அதுதான் நடக்கிறது. காகிதத்துக்குக் காது கிடையாது. நீ எவ்வளவு அழுதாலும் இதில் எழுதியது எழுதியபடியே இருக்கும். உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணிடமும் இதைக் காட்டு. அவளுக்குத் தெரியாமல் ஒளித்து வைக்க இதில் ஒன்றுமில்லை, எப்படியும் ஆறு மாதத்தில் அவளே கண்டுபிடித்துவிடுவாள்.

இணைச்சீர் என்றால் என்னவென்று உனக்குத் தெரியுமா என்றே எனக்குச் சந்தேகம். போட்டோக்காரன் நிற்கச் சொல்கிற இன்னொரு போஸ் என்று நினைத்திருப்பாய். நம் பக்கத்தில் மாப்பிள்ளை தாலி கட்டுவதற்கு முன்னால் அவன் கூடப் பிறந்தவளைப் பக்கத்தில் வைத்துச் செய்கிற சீர் அது. பெண்டாட்டி வருவதற்கு முன்னால், வரப்போகிறவளுக்கான கூறைச் சேலையின் ஒரு முனையை நீ பிடிக்க, மறுமுனையை உன் அக்கா பிடிப்பாள். யார் வந்தாலும் இவளுக்கான இடம் இவளுக்குத்தான் என்று ஊரைக் கூட்டி வைத்துச் சொல்வது. கூடப் பிறந்த அக்கா கல்லு மாதிரி இருக்கும்போது வேறு ஒருத்தி வந்து அந்த முனையைப் பிடித்தால், பந்தியில் இலை போடுகிறவன்கூட என்ன விஷயம் என்று கேட்பான். உன் கவலையும் அதுதான். "பொண்ணு ஊட்டுக்காரங்க என்ன நெனைப்பாங்க?" என்று மூன்று தடவை கேட்டாய். அக்கா என்ன நினைக்கிறாள் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. உனக்கு அக்கா தேவையில்லை கண்ணு, முனையைப் பிடிக்க ஓர் ஆள் தேவை. அதற்கு ஒரு துணி கிளிப் போதும்.

அவள் ஏன் வரமாட்டேன் என்கிறாள் என்று உனக்குப் புரியவில்லை என்றாயே, அதை நான் நம்புகிறேன். நீ நடிக்கவில்லை. உண்மையிலேயே உனக்குப் புரிந்திருக்காது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

உனக்கு ஏழு வயது, உன் அக்கா கவிதாவுக்குப் பன்னிரண்டு. மலையடிவாரத்தில் அந்தத் தீம் பார்க்கைப் புதிதாகத் திறந்திருந்தார்கள். கணபதியில் நம் வீடு இருக்கிற தெருவில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் போய்விட்டு வந்து கதை அளந்தார்கள். உன் அக்கா ஒரு வருஷம் கெஞ்சினாள். பட்டறைக்கு ஒரு நாள் லீவு விட்டு உங்கள் அப்பா கூட்டிக்கொண்டு போனார். அவளுக்கு வேறு எதுவும் வேண்டாம், தலைகீழாகச் சுற்றுகிற அந்த ராட்சத ரயில் ஒன்றுதான். வாசலில் உயரம் அளக்க ஒரு கம்பம் வைத்திருந்தார்கள். அவள் கோட்டுக்கு மேலே வந்தாள், நீ கீழே. நீ தரையில் உட்கார்ந்தாய், பிறகு படுத்தாய், பிறகு உருண்டாய். நம் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது, நான் போட்டதுதான். ஒருத்தர் அழுதா ரெண்டு பேரும் எறங்கோணும். ஊஞ்சலானாலும் அதுதான், ஐஸ்கிரீமானாலும் அதுதான். சண்டை ஓரியாட்டம் இல்லாமல் வீடு நடக்க அதைவிட நேரான சட்டம் கிடையாது என்று எல்லோரும் சொன்னார்கள். பக்கத்து வீட்டுக்காரிகள் என்னைப் பார்த்துத் தங்கள் வீட்டிலும் போட்டுப் பார்த்தார்கள். "எறங்கி வா அம்மணி, தம்பி அழுகறான்ல" என்றேன். அவள் இறங்கி வந்தாள். வரிசையில் பின்னால் நின்ற பிள்ளைகள் அவளைத் தாண்டிப் போனார்கள். அவள் அழவில்லை. நீ எழுந்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு பஞ்சு மிட்டாய் கேட்டாய்.

அந்தச் சட்டம் சரியா தப்பா என்று இப்போது நான் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்காரப் போவதில்லை. ரெண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, பட்டறை ஆட்களுக்கும் சோறு வடித்துக்கொண்டு, அன்றைக்கு எனக்குத் தெரிந்ததை நான் செய்தேன். நான் சொல்ல வருவது உன்னைப் பற்றி. சட்டம் ரெண்டு பேருக்கும் ஒன்றுதான். ஆனால் அழுதால் என்ன கிடைக்கும் என்று ஒருத்தன் மட்டும் சீக்கிரமே கற்றுக்கொண்டான். நீ அழும்போது ஒரு கண்ணைத் திறந்து வைத்திருப்பாய். அவள் இறங்கிவிட்டாளா என்று அந்தக் கண்ணால் பார்ப்பாய். இறங்கியதும் மூடிய கண்ணும் திறந்துவிடும். அவளுக்கு சைக்கிள் வாங்கியபோது உனக்குக் கால் எட்டவில்லை, அழுதாய். உனக்கு எட்டுகிற வரைக்கும் அது கார் ஷெட்டில் நின்றது. எட்டிய வருஷம் அவள் பள்ளிக்கூடமே முடித்துவிட்டாள். சென்னையில் அவளுக்குப் பெரிய கல்லூரியில் இடம் கிடைத்தபோது, அக்கா இல்லாவிட்டால் எட்டாவது பரீட்சை எழுதமாட்டேன் என்று சோறு தின்னாமல் கிடந்தாய். அவள் இங்கேயே உக்கடம் வரைக்கும் ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ் என்று போய்ப் படித்தாள். உனக்குக் கணக்கும் சொல்லிக் கொடுத்தாள். நீ பெங்களூரில் உட்கார்ந்திருக்கிற நாற்காலி அவள் சொல்லிக் கொடுத்த கணக்கில் வந்தது. அவள் கருமத்தம்பட்டிக்கு வாக்கப்பட்டுப் போய்த் தறிச் சத்தத்துக்கு நடுவில் கத்திப் பேசிக்கொண்டிருக்கிறாள். மாப்பிள்ளை நல்லவர், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவள் போக நினைத்த இடம் அது இல்லை.

இப்போது போன மாதத்துக்கு வருகிறேன். "கல்யாணத்துக்கு முன்னாடி நாம மட்டும் ஒருக்கா குடும்பமா எங்கயாச்சும் போலாம்மா, அதே பார்க்குக்கே போலாம்" என்று நீதான் கிளப்பினாய். ரெண்டு நாள், அங்கேயே ரூம். மாப்பிள்ளை தறியை விட்டு வரவில்லை. நீ, நான், உங்கள் அப்பா, கவிதா, அவள் பிள்ளைகள் இனியாவும் ஆதியும். முதல் நாள் அவ்வளவு அமைதி. நீகூட, "பாத்தீங்களாம்மா, நம்ம ஊட்டுல சண்டையே வர்றதில்ல" என்றாய். ஏன் வரும்? ஈரத்துணிப் பை அவள் தோளில், உன் செருப்பு அவள் கையில், உன் போன் அவள் ஹேண்ட்பேக்கில். நீ தண்ணீரில் சறுக்குவதை மூன்று பக்கத்திலிருந்து போட்டோ எடுத்ததும் அவள்தான். எல்லோருக்கும் போல அவளுக்கும் கையில் டிக்கெட்டுக்குப் பதில் ஒரு காகிதப் பட்டை கட்டியிருந்தார்கள். சாயங்காலம் வரைக்கும் அது நனையவே இல்லை. உங்கள் அப்பா பெஞ்சில் முகத்துக்குத் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கினார். இந்தக் குடும்பத்தில் யாரோடும் சண்டை போடாத ஒரே ஆள் அவர். அதற்குக் காரணம், விழித்திருக்காத ஒரே ஆளும் அவர்தான்.

ரெண்டாம் நாள் காலையில் அந்த ரயில். பெயின்ட் மாற்றியிருந்தார்கள், கம்பம் மட்டும் அப்படியே இருந்தது. கவிதா ஈரத்துணியை லாக்கரில் வைக்கப் போயிருந்தாள். நீ பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியிருந்தாய். நான் எதிரே சிமென்ட் திட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இனியா கம்பத்தில் முதுகை ஒட்டி நின்றாள். கோட்டுக்கு மேலே ஒரு விரல்கடை. அவள் முகத்தை நீ பார்த்திருக்க மாட்டாய், நான் பார்த்தேன். ஆதி கோட்டுக்குக் கீழே. அவனுக்கு ஆறு வயது, உதட்டைப் பிதுக்கினான், அவ்வளவுதான். இன்னும் அழவேகூட இல்லை. அதற்குள் நீ சொன்னாய், "இனியா, எறங்கி வா சாமி, தம்பி அழுகறான்ல. ஒருத்தர் அழுதா ரெண்டு பேரும் எறங்கோணும், அதுதான் நம்மூட்டு ரூல்." என் குரலிலேயே சொன்னாய், அந்த இழுவைகூட மாறவில்லை. அந்தப் பெண் உன் அக்கா மாதிரி இல்லை. "இல்லீங்க மாமா, அவன் அடுத்த வருசம் வளந்துருவான், அப்பப் போவான். நான் இப்பப் போறனுங்க" என்றாள். எவ்வளவு மரியாதையாகச் சொன்னாள்! நீ சிரித்தாய். சிரித்துக்கொண்டே அவள் கையைப் பிடித்து அந்தக் காகிதப் பட்டையை அறுத்தாய். "இப்ப எப்படிப் போவ? பிரச்சன முடிஞ்சுது" என்றாய். பட்டை அறுந்தால் அன்றைக்கு முழுவதும் எந்த ரைடிலும் ஏற்றமாட்டார்கள் என்று உனக்குத் தெரியும். டிக்கெட் வாங்கியவன் நீதான். நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அதோடு விட்டிருந்தால் முட்டாள்தனம் என்று நினைத்திருப்பேன். ஆதியின் கையில் ஐஸ்கிரீமுக்குக் காசைத் திணித்து என்னிடம் அனுப்பினாய். அப்புறம் நீ என்ன செய்தாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? "இவ்வளவு நேரம் லைன்ல நின்னது வீணாப் போயிரும்" என்று சொல்லிவிட்டு நீ ஏறினாய். முப்பது வயது ஆம்பளை, முன்னால் முடி ஏறிப்போன தலையோடு, அந்தப் பெண் நின்ற இடத்தைத் தாண்டிப் போய் முதல் பெட்டியில் உட்கார்ந்தாய்.

கவிதா திரும்பி வந்தபோது இனியா அறுந்த பட்டையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள். நான்தான் நடந்ததைச் சொன்னேன். அவள் நேராக ரைடு வாசலில் நிற்கிறவனிடம் போனாள். "ஏனுங்க, புள்ளைக்கு பட்டை அறுந்துபோச்சுங்க, வேற ஒண்ணு கட்டி உடுவீங்களா?" என்று கேட்டாள். "அதெல்லாம் முடியாதுங்கக்கா" என்றான். தன் கையில் இருந்ததைக் கழற்றிக் கட்டலாமா என்று கேட்டாள். அதுவும் ஆகாது என்றான், அறுக்காமல் கழற்ற வராது. அவள் அவனிடம் சண்டை போடவில்லை. யாரிடமும் சண்டை போட அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இறங்குகிற வழியில் மகளோடு நின்றாள். மேலே நீ தலைகீழாகத் தொங்கிக் கத்துவது கேட்டது. இறங்கி வந்தாய், முடி கலைந்து, சட்டைப் பொத்தான் கழன்று. இனியா உன்னை அண்ணாந்து பார்த்து, "மாமா, பயமா இருந்துச்சுங்களா?" என்று கேட்டாள். கோபமே இல்லாமல் கேட்டாள், கண்ணு. அவளுக்கு அது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். நீ முடியைக் கோதிக்கொண்டே, "ச்சே, மொக்க ரைடு. நீ போகாததே நல்லது" என்றாய்.

அப்போதுதான் கவிதா சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. "டேய், இணைச்சீருக்குப் பெரியம்மா மகள வரச் சொல்லிக்க. நான் வரல." நீ அதையும் சிரிப்பாக எடுத்துக்கொண்டு, "அக்காவுக்கு வெயில் ஏறிப்போச்சு" என்றாய். காரில் திரும்பி வரும்போது அன்னூர் தாண்டியதும், "நல்லவேளை, புள்ளைங்க ஓரியாட்டம் இல்லாம வருதுக" என்று நீ சொன்னாய். இனியா ஜன்னல் பக்கம் திரும்பி மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தாள். மாமா என்று அவள் உன்னைக் கூப்பிட்டு நான் கேட்டது, பயமாக இருந்ததா என்று கேட்டாளே, அதுதான் கடைசி. நேற்று வீடியோ காலில் அவளிடம் உன் கல்யாணத்துக்கு என்ன கலர் பாவாடை என்று கேட்டேன். "அம்மாவோட தம்பி கல்யாணத்துக்குங்களா அம்மாயி?" என்றாள். உனக்கு இது உறைக்காது, இருந்தாலும் தெரிந்து வைத்துக்கொள்.

"ஒரு நல்ல பட்டு எடுத்துக் குடுத்தா அக்கா சரியாயிரும்" என்றாயே, அது ஆகாது. அவளுக்குப் பட்டு இருக்கிறது. இனியாவுக்கு டேப்லெட் வாங்கித் தருகிறேன் என்றாய், அதுவும் ஆகாது. நீ எதைப் பிடுங்கினாயோ அதைக் கடையில் விற்பதில்லை. நாளைக்கு உனக்கும் ரெண்டு பிறக்கும். அதுகளை எங்கேயாவது கூட்டிக்கொண்டு போவாய். ஒன்று கோட்டுக்கு மேலே வரும், ஒன்று வராது. மேலே வந்ததை ஏற்றிவிடு. கீழே நிற்கிறது அழட்டும். அழுகிற பிள்ளை களைத்துப்போய்த் தானாக நிறுத்தும், அதன் பக்கத்தில் கம்முனு உட்கார்ந்திரு. அதற்குத்தான் அப்பன் என்று ஒருத்தன் கூடப் போகிறான். அமைதி வேண்டுமென்று நல்ல பிள்ளையின் கையைப் பிடித்து இழுக்காதே. நல்ல பிள்ளை இறங்கி வரும், அதுதான் ஆபத்து. அது எல்லாவற்றிலிருந்தும் இறங்கிக்கொண்டே இருக்கும். அழுகிற பிள்ளை எதிலிருந்தும் இறங்கக் கற்றுக்கொள்ளாமல் முப்பது வயதில் முதல் பெட்டியில் உட்காரும்.

இனி நீ எதிர்பார்க்காத ஒன்றைச் சொல்கிறேன். இன்று காலையில் கவிதா போன் போட்டாள். பின்னால் தறி ஓடுகிற சத்தம். "அம்மா, நானே வந்து சீர் செஞ்சர்றேன் உடுங்க. அவன் மூஞ்சி சுண்டிப்போச்சுன்னா கல்யாணம் நல்லா இருக்காது. பொண்ணு ஊட்டுல நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. நெம்ப இழுக்க வேண்டாம்" என்றாள். பார், நீ அழவேயில்லை, அதற்குள் அவளே இறங்கிவிட்டாள். இந்த இடத்தில் நீ பெருமூச்சு விட்டிருப்பாய். காரியம் முடிந்தது என்று நினைத்திருப்பாய். உன் மூஞ்சி எனக்கு இங்கிருந்தே தெரிகிறது.

நான் அவளிடம், "வேண்டாம் அம்மணி. நீ வராத. நீ எறங்காத, நின்ன எடத்துலயே நில்லு" என்றேன். அவள் வீட்டுக்குப் பின்பக்கம் போயிருக்க வேண்டும், தறிச் சத்தம் குறைந்தது. பிறகு கேட்டது. அழுதாள். சின்னப் பிள்ளை மாதிரி, மூச்சு வாங்கி வாங்கி, வார்த்தை எதுவும் இல்லாமல் அழுதாள். அவளுக்கு அழத் தெரியும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அந்தப் பார்க்கில் அழவில்லை, சென்னை போகாதபோது அழவில்லை, மாப்பிள்ளை வீட்டுக் காரில் ஏறும்போதுகூட என் கண்ணைத்தான் துடைத்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது, நான் போனைக் காதிலேயே வைத்திருந்தேன். சமாதானம் சொல்லவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

பெரியம்மா மகளிடமும் பேசிவிட்டேன், அவளும் வரமாட்டாள். உங்கள் அப்பாவிடம் சொன்னேன். "ஏன் புள்ள, கல்யாண நேரத்துல" என்று ஆரம்பித்தார். துண்டை எடுத்துக் கையில் கொடுத்தேன், புரிந்துகொண்டார். உன் கல்யாணத்துக்கு நான் வருவேன், சேலை எடுத்தாகிவிட்டது. இணைச்சீர் நேரத்தில் மணவறையில் உன் பக்கத்து இடம் காலியாக இருந்தால், முன் வரிசையில் உட்கார்ந்து அதை நான் பார்த்துக்கொண்டிருப்பேன். யார் கேட்டாலும் காரணத்தையும் சொல்லுவேன். அவினாசி ரோட்டில் கருமத்தம்பட்டிக்கு எத்தனை பஸ் வேண்டுமானாலும் போகிறது. கார் வேண்டாம், கையில் பை எதுவும் வேண்டாம். போய் முதலில் இனியா முன்னால் நில், அவள் அம்மா முன்னால் பிறகு. இனியா கதவைச் சாத்தினால் வெளியே நில். அவள் வரச் சொல்கிற வரைக்கும் நில்.

நம் வீட்டுச் சட்டம் உனக்கு நன்றாகவே தெரியும், ஊரான் கேட்க அந்தப் பிள்ளைக்கு நீயே எடுத்துச் சொன்னாய். ஒருத்தர் அழுதா ரெண்டு பேரும் எறங்கோணும். உன் அக்கா எப்போதோ இறங்கிக் கீழேதான் நிற்கிறாள். இந்தத் தடவை அழுததும் அவள்தான்.

இறங்கு.

அம்மா